கிசுகிசுத்துப் படித்த ஆமைக் கதை

சனிக்கிழமை மாலை புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இடியில்லை, காற்றில்லை. சத்தமே இல்லாத மெல்லிய மழை. எதிரே இருந்த அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தன.

இனியா தன் அடுக்குமாடி புளோக்கின் சுவரில்லாத கீழ்த்தளத்தில் பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. மாதம் ஒரு முறை அங்கே 'இலை வட்டம்' கூடும். மரம், கடல், பறவை, பூச்சி என்று இயற்கையைப் பற்றிய புத்தகங்களை அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாசிக்கும் குழு அது. மூன்றாம் மாடியில் இருக்கும் கவிப்ரியா அக்கா அதை நடத்தினாள்.

அன்று சுவா சூ காங்கிலிருந்து சில குடும்பங்கள் முதல் முறையாக வரவிருந்தன. அதற்காக அக்கா வழக்கமான மைக்கோடு பெரிய ஒலிபெருக்கி ஒன்றையும் இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

மைக் என்றால் இனியாவின் தம்பி ஜெய்க்குக் கை சும்மா இருக்காது.

"ஹலோ, ஹலோ, ஒன், டூ," என்றான்.

ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. தூணருகே இருந்த காகிதப்பூச் செடியிலிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று விருட்டென்று மழைக்குள் பறந்தது.

இனியா மெல்லக் கிட்டே போனாள். தொட்டிச் செடியின் ஒரு கிளை நுனியில் காய்ந்த புல்லும் சிலந்தி நூலும் சருகுமாக ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாசல்.

"யாரோட பழைய சாக்ஸ் இது?" என்றான் ஜெய்.

"சாக்ஸ் இல்லடா. தேன்சிட்டுக் கூடு. மைக்கை வை."

இருவரும் தள்ளிப்போய் அசையாமல் நின்றார்கள். வெகுநேரம் கழித்துத் தேன்சிட்டு திரும்பி வந்தது. இனியாவின் உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தது. வளைந்த அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"முட்டை இருக்குதுன்னு நினைக்கிறேன்," என்றாள் இனியா.

அதற்குள் கவிப்ரியா அக்கா தேக்கா சந்தையிலிருந்து வாங்கிய முறுக்குப் பையுடன் வந்துவிட்டாள். பின்னாலேயே குடைகளும் பிள்ளைகளுமாகக் கூட்டம்.

இனியா விஷயத்தைச் சொன்னாள். அக்கா செடியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"தொட்டியை அந்தப் பக்கம் நகர்த்திடலாம் லா. அங்கதான் யாரும் இல்லையே."

"அங்க மழை அடிக்குதுக்கா. வேற இடத்துல இருந்தா அது கூட்டைத் தேடி வராமலே போயிடலாம். மைக் சத்தத்துக்கே ஓடிப்போச்சு."

"நாமளும் எங்க போறது? அடுத்த புளோக்குல பெயின்ட் அடிக்கிறாங்க. இவங்க பஸ் பிடிச்சு இவ்ளோ தூரம் வந்திருக்காங்க, இனியா. திரும்பிப் போங்கன்னு எப்படிச் சொல்றது?"

இனியா யோசித்தாள். மழை இன்னும் சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த அமைதியில் யாரோ ஒரு பிள்ளை தன் அம்மாவின் காதில் "பசிக்குது" என்று சொன்னதுகூட அவளுக்குக் கேட்டது.

"அக்கா, மைக் வேணாம். எல்லாரும் ஒட்டி ஒட்டி உட்காரலாம். நீங்க கிசுகிசுன்னு படிங்க."

அக்கா சிரித்தாள். "ஜெய் கிசுகிசுன்னு பேசுவானா?"

"பேசுவேன்," என்று ஜெய் உரக்கச் சொன்னான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

எல்லாரும் தோளோடு தோள் உரச வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா புத்தகத்தைத் திறந்தாள். கடலில் வாழும் ஓர் ஆமை முட்டையிட, விமான நிலையத்தை ஒட்டிய சாங்கிக் கரைக்கு வரும் கதை.

அக்காவின் குரல் மழையை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதனால் எல்லாரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். ஆமை நீந்த நீந்த, கீழ்த்தளமும் மெதுவாகக் கடலாகிக்கொண்டே வந்தது. ஈரத் தரையில் விளக்குகள் நீந்தின. தூண்கள் நீருக்கடியில் நிற்கும் பெரிய மரங்களாகத் தெரிந்தன. மின்தூக்கி திறந்தது. காய்கறிப் பையுடன் காத்திருந்தவர் உள்ளே போக மறந்து, அங்கேயே நின்று கேட்டார்.

இனியாவின் கண்கள் சிதம்பரம் அங்கிளிடம் போய் நின்றன.

அவர் முன்பு பேருந்து ஓட்டியவர். ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர். காது அவருக்குச் சரியாகக் கேட்காது. இப்போது கையைக் காதோரம் குவித்து வைத்திருந்தார். மற்றவர்கள் சிரித்தால் அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

இனியாவுக்கு என்னவோ போல் இருந்தது. கிசுகிசுப்பாகப் படிக்கச் சொன்னதே அவள்தானே. பறவைக்கு நல்லது செய்யப்போய் அங்கிளை வெளியே நிறுத்திவிட்டோமோ?

அவளிடம் நூலகத்திலிருந்து எடுத்த இன்னொரு பிரதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தை அவர் மடியில் விரித்தாள். அக்கா படிக்கும் வரியின் அடியில் விரலை வைத்தாள். குரல் நகர விரலும் நகர்ந்தது.

அங்கிள் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆமை கரையேறியது. விமான நிலைய வெளிச்சத்தை நிலா என்று நினைத்தது. மணலில் யாரோ விட்டுப்போன ஒரு தலைக்கவசத்தைக் கண்டது.

திடீரென்று சிதம்பரம் அங்கிளின் வயிறு குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா அடுத்த வரியைப் படித்தாள்:

"'அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று ஆமை அந்தத் தலைக்கவசத்திடம் பணிவாகச் சொன்னது."

இப்போது எல்லாரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். அங்கிளின் கண்கள் வரியைத் தாண்டி முன்னால் ஓடிவிட்டன என்று இனியாவுக்குப் புரிந்தது.

கதை முடிந்தபோது மழையும் விட்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அங்கிள் இனியாவிடம் ரகசியம் சொல்லக் குனிந்தார். காது கேட்காதவரின் ரகசியம் அது. கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது.

"மைக்ல படிச்சப்ப எனக்கு வெறும் இரைச்சல்தான்மா கேக்கும். உங்க எல்லார் முகத்தையும் பார்த்துட்டுப் போலாம்னுதான் வருவேன். இன்னைக்குத்தான் கதை கேட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றார்கள். கூட்டின் வாசலில் தேன்சிட்டு தலையை நீட்டி அவரைப் பார்த்தது. இடத்தை விட்டு நகரவில்லை. மறுபடி உள்ளே போய்விட்டது.

"அடுத்த மாசம் எல்லாருக்கும் புத்தகம் எடுத்துட்டு வரேன்," என்று அக்கா மெல்லச் சொன்னாள்.

"அந்த முட்டை பொரியறதுக்குள்ள இன்னொரு தடவை கூடலாமா?" என்று சுவா சூ காங்கிலிருந்து வந்த ஒரு சிறுமி கேட்டாள். அடுத்த சனிக்கிழமையே கூடுவது என்று முடிவானது.

புறப்படும்போது சரசரப்புக் கேட்கக்கூடாதென்று ஜெய் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லாரும் அப்படியே செய்தார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓசையில்லாமல் போனது அந்தக் கூட்டம். எல்லாருக்கும் முன்னால், கைக்கு ஒரு செருப்பாகப் பிடித்தபடி, சிதம்பரம் அங்கிள் நடந்தார்.