பந்துக்கு முளைத்த வால்

வெள்ளிக்கிழமை, காலை 8.40.

முதல் மாடியில் ஒரு மனிதர் தன் முப்பது வருட வேலையைத் தன் கையாலேயே கொன்றுகொண்டிருந்தார். கத்தியும் இல்லை, விஷமும் இல்லை. ஒரு வெள்ளைத்தாள், ஒரு நீலப் பேனா.

"பிழை இருக்கான்னு பாருங்கக்கா" என்று தாளை நீட்டினார்.

வாங்கிப் படித்தவர் கீழ்வீட்டு எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்திரண்டு வருடம் ஊர் எலும்பையெல்லாம் படம் பிடித்து ஓய்வு பெற்றவர். இயந்திரத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாரே தவிர, ஆளை ஊடுருவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை. கேட் கிறீச்சிட்டால் போதும்; அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அக்காவின் கால் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும்.

'கண்பார்வைக் குறைவு காரணமாக நடுவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' தாளில் அவ்வளவுதான் இருந்தது.

எழுதியவர் மேசைப்பந்து நடுவர். கட்டடத்தில் அவருக்கு நடுவர் என்றே பெயர். அதனால் மனைவி நடுவரம்மா. வெளியூரில் நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு உயர நாற்காலியில் உட்கார வருகிறாரா இல்லையா என்று சங்கத்துக்கு மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"கண்ணுக்கு என்ன?"

"பந்துக்கு வால் முளைச்சிருக்குக்கா. மூணு வாரமா. பந்து எங்க போனாலும் பின்னாலேயே வெள்ளையா ஒரு கோடு இழுத்துக்கிட்டு வருது."

"டாக்டர்கிட்ட?"

"போகமாட்டேன். அவர் எழுதிட்டா அது பதிவாயிடும். ஒருத்தன் கையைத் தூக்கி 'அவுட்'னு சொல்றதுக்கு முன்னாடி நானே இறங்கிடறேன்."

நடுவரின் வீம்பு அது. ஊரார் தப்பையெல்லாம் சொல்லலாம். தன் தப்பை ஊரார் சொல்லக் கூடாது.

"போன ஞாயிறு ஆட்டத்துல ஒரு பந்து மேசை ஓரத்துல பட்டுச்சு. பட்டதைப் பார்த்தேன். பார்த்தேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. சொன்ன தீர்ப்பை மாத்திட்டேன். முப்பது வருஷத்துல முதல் தடவை." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அக்காவுக்குப் பிழை தட்டுப்பட்டது. தாளில் அல்ல.

"இந்த வால் எங்க தெரியுது? மேசையிலயா, டிவியிலயா?"

நடுவர் விழித்தார். "டிவியிலதான். நான் சொன்ன தீர்ப்பையெல்லாம் வீட்டுக்கு வந்து பதிவுல போட்டுச் சரிபார்ப்பேன். அதுலதான் தெரிய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் மேசைகிட்ட உக்காந்தாலும் என் கண்ணை நம்ப முடியல."

9.05. அக்கா அலமாரியிலிருந்து ஒரு பந்தை எடுத்து, பேனாவால் அதன்மேல் ஓர் எண்ணை எழுதி, எதிர்ச் சுவரில் அடித்தார்.

"என்ன நம்பர்?"

"ஏழு. கோணலா எழுதியிருக்கீங்க."

மறுபடி, வேறு எண். "நாலு." மறுபடி. "ஒம்போது. ஆறுன்னு ஏமாத்தப் பாக்காதீங்க, கீழே கோடு போட்டிருக்கு."

"வால் எங்க?"

நடுவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் மங்கினா நாங்க உடனே எலும்பு மேல பழி போடமாட்டோம்" என்றார் அக்கா. "ஆள் அசைஞ்சானா, மெஷின் அசைஞ்சுதான்னுதான் பாப்போம். கண்ணுல கோளாறுன்னா எங்க பார்த்தாலும் வால் வரணும். டிவியைப் போடுங்க."

ஆட்டம் ஓடியது. அக்காவின் கண்ணுக்கே தெரிந்தது. பந்து வலையைத் தாண்டும்போதெல்லாம் வால்நட்சத்திரம். ஆட்டக்காரர் கை வீசினால் கறுப்புச் சட்டை தார் இழுத்ததுபோல் தேய்ந்தது.

"இது எனக்கும் தெரியுதே! உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னது?"

"மச்சான் சொன்னான்."

மச்சான் நடுவரம்மாவின் தம்பி, இரண்டாம் மாடி, அவரும் நடுவர்தான், பட்டியலில் இவருக்கு அடுத்த பெயர். நடுவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் கட்டடத்துக்கே மச்சானாகிவிட்டார். பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், முறைதான் இடிக்கும். தினமும் மாலையில் இறங்கிவந்து இந்த சோபாவில்தான் ஆட்டம் பார்ப்பார்.

"பக்கத்துலயே உக்காந்து, 'எனக்குப் பளிச்சுன்னு தெரியுதே மாமா, ஏது வால்?'ன்னு கேட்டான். உனக்குத் தெரியலையான்னு இவளையும் கேட்டேன்."

"எனக்கு எங்கக்கா அந்தப் பந்தெல்லாம் கண்ணுக்குத் தெரியுது" என்றார் நடுவரம்மா அவசரமாக.

9.30. பெட்டியின் பூர்வீகம் விசாரிக்கப்பட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன் மாமாவும் மச்சானும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கம்பெனியின் ஐம்பத்தைந்து அங்குலப் பெட்டி ஆளுக்கொன்று வாங்கினார்கள். முகம் ஒன்று, ரிமோட் ஒன்று, வகைதான் வேறு. நடுவர் வாங்கியதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். ஓஎல்இடி என்றார் கடைக்காரர். மச்சான் வாங்கியதில் பின்னால் விளக்கு, முன்னால் அதை மறைத்துத் திறக்கும் திரை. அந்த மலிவு ரகத்தில் திரை சோம்பேறி. வேகமாக ஓடும் பொருள் போன பிறகும் அதன் தடத்தை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

"கொஞ்சம் மங்கல் எந்த டிவியிலயும் இருக்கும், இதுல கம்மின்னு கடைக்காரர் நியாயமாத்தான் சொன்னார்" என்றார் நடுவர். "எனக்குப் பந்துதானே முக்கியம், விலை கூடன்னாலும் எடுத்தேன். ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: ஒரே படத்தை மணிக்கணக்கா நிறுத்தி வச்சா இதுல கறை விழும்னு. விழுந்துச்சு. நாள் முழுக்க ஆட்டம் ஓடும் இல்லையா, இடது பக்கம் கீழே ஸ்கோர் கட்டம் அச்சாட்டம் பதிஞ்சுபோச்சு."

"எங்க அது?"

திரையைச் சாம்பல் நிறமாக வைத்துப் பார்த்தார்கள். துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"அதுவா தானா சரியாயிடுச்சுக்கா, நல்லதுதானே" என்றார் நடுவரம்மா.

தானாகச் சரியாகிற கறையை அக்கா தன் அறுபது வயதில் துணியிலும் பார்த்ததில்லை, மனுஷரிடத்திலும் பார்த்ததில்லை.

"இது உங்க டிவி இல்ல" என்றார். "மாத்திட்டாங்க."

நடுவர் எழுந்து சுவரருகே போனார். தச்சர் போட்ட மரச்சட்டத்துக்குள் பெட்டி பதிந்திருந்தது. ஓரம் வெளியே தெரிந்தால்தானே கனமா மெலிசா என்று பார்க்க!

10.15. அக்கா தன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்து மூன்று வாரத்துக்கு முந்தைய கேட் சத்தங்களை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தார். நடுவரும் மனைவியும் வெளியூர்ப் போட்டிக்குத் திங்கள் போனார்கள். நடுவர் வியாழன் திரும்பினார். நடுவரம்மா முட்டிவலி என்று புதன் மதியம் ஒன்றேகாலுக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு இரண்டே சாவி: ஒன்று அவர்களிடம், ஒன்று அக்காவிடம். இடையில் உள்ளே போனவர் கேபிள் மெக்கானிக் மட்டும். அவரையும் அக்காவே கதவைத் திறந்து விட்டு, முடியும்வரை தலைமாட்டில் நின்று, தோளில் தொங்கிய பையோடு வழியனுப்பினார். அந்த நான்கு நாளும் அவ்வளவு பெரிய பெட்டி எதுவும் கேட்டைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அக்காவுக்கு அன்றைக்கே தூக்கம் போயிருக்கும்.

நடுவரின் பெட்டி கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயும் இல்லை.

11.20. மச்சான் படியிறங்கி வந்தபோது அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இறுதி ஆட்டம் டிவியில வருமாமே. மேலேயே பாப்பீங்களா?"

"எங்கக்கா! என் வீட்டம்மா ரிமோட்டைக் கையை விட்டு இறக்குனாத்தானே? தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில. பாட்டு, சீரியல், பாட்டு. ஒன்றரை வருஷமா எங்க வீட்டு டிவியில ஒரு பந்துகூடப் பார்த்ததில்ல."

"பாவம். உங்க கண்ணு எப்படி?"

"போன மாசம்தான் பரிசோதனை. நூத்துக்கு நூறு!"

"மாமா டிவியில பந்துக்கு வால் தெரியுதா?"

"சேச்சே. பளிச்சுன்னு இருக்கு. மாமாவுக்கு வயசாச்சுக்கா, என்ன பண்றது." முகத்தில் துக்கத்தை ஒட்டிக்கொண்டு போனார். அது சரியாக ஒட்டவில்லை.

மதியம் 3.30.

இரண்டாம் மாடி. மச்சானின் மனைவி வேலைக்குப் போயிருந்தார். அழைப்பில்லாமல் மூன்று பேர் நுழைந்தால் யாருக்கும் முகம் மாறும். மச்சானுக்கு நிறமே மாறியது.

"டிவியைப் போடுங்க" என்றார் அக்கா. "சேனல் வேணாம். வெறும் சாம்பல் திரை போதும்."

"எதுக்குக்கா…"

"போடுடா" என்றார் நடுவர். அவர் மச்சானை 'டா' போட்டு யாரும் கேட்டதில்லை.

திரை சாம்பலாயிற்று. இடது பக்கம், கீழே, மங்கலாக இரண்டு வரி. இரண்டு பெயர் எழுதும் இடம், பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரம். ஆட்டமே ஓடாத வீட்டில் ஸ்கோர் கட்டம்.

"அது… நானும் எப்பவாவது மேட்ச்…"

"ஒன்றரை வருஷமா ஒரு பந்துகூடப் பார்த்ததில்லன்னு காலையில கீரைக்குக் கதை சொன்னீங்க" என்றார் அக்கா. "ஒரே கம்பெனி, ஒரே அளவு. மேல் வீட்டுது கீழே, கீழ் வீட்டுது மேலே. கேட்டைத் தாண்டவே வேண்டாம், பதினெட்டுப் படி போதும். கண்ணு நூத்துக்கு நூறு இருக்கிற ஆளுக்கு அந்த வால் தெரியாம இருக்க முடியாது. தெரிஞ்சும் தெரியலன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். இவர் எழுந்தா அந்த நாற்காலி யாருக்கு?"

"முப்பது வருஷம்" என்றார் நடுவர். "ஸ்கோர் சொல்லக் கத்துக்குடுத்ததே நான்தானேடா."

"மாமா, எத்தனை வருஷம்தான் நான் ரெண்டாவது பேராவே…"

"வா, கீழே போலாம்" என்று நடுவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உன் தம்பி முகத்துல இனி…"

அவர் நகர்ந்தார். அக்கா நகரவில்லை. இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். பாதி உண்மையோடு எத்தனை குடும்பம் சௌக்கியமாக இருக்கிறது! ஆனால் ஏமாற்றப்பட்டவர் பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது.

"நடுவர் சார், இவர்கிட்ட உங்க வீட்டுச் சாவி இருக்கா?"

"இல்லையே. உங்ககிட்ட ஒண்ணு, எங்ககிட்ட…" மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என் சாவி என் இடுப்பை விட்டு இறங்கல." அக்கா நடுவரம்மாவைப் பார்க்காமல் பேசினார். "புதன் ரெண்டு மணிக்கு உன் வீட்டுல என்னமோ இழுக்கிற சத்தம். என்னம்மான்னு கேட்டேன். பீரோவை நகர்த்தறேன்னே. முட்டிவலின்னு பாதியில வந்தவ பீரோவை ஏன் நகர்த்தறான்னு நான் யோசிக்கல. வேற யாராவது சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். நீ சொன்னேங்கறதால நம்பிட்டேன். அவ்வளவு பெரிய பெட்டியை இறக்கி மாட்ட ரெண்டு ஆள் வேணும்மா."

நடுவரம்மா அழவில்லை. காலையில் அழுததே போதும் என்பதுபோல் நின்றார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்த வருஷத்தோட நிறுத்திடறேன்னு என் தலையில கை வச்சுச் சொன்னீங்க. போன வருஷமும் சொன்னீங்க. ஒரு சனி, ஒரு ஞாயிறு நீங்க வீட்டுல இருந்ததில்ல. கூடவே வந்தா, எவனோ பந்து அடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கணும். தம்பிதான் சொன்னான், 'நீ சொன்னா கேக்கமாட்டார்க்கா, அவர் கண்ணு சொன்னாக் கேப்பார்'னு." தம்பியின் பக்கம் திரும்பினார். "அவர் வீட்டுல இருக்கணும்னுதானேடா நான் ஒத்துக்கிட்டேன். உனக்கு அந்த நாற்காலி வேணும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நான் நிறுத்தலன்னு நீ சண்டை போட்டிருக்கலாம்" என்றார் நடுவர் மெதுவாக. "அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். பெட்டியை உடைச்சிருக்கலாம். கண்ணு போச்சேன்னு மூணு வாரம் நான் அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக்குடுத்தியே. அது எப்படி முடிஞ்சுது உன்னால?"

4.40. முதல் மாடி. நடுவர் சங்கத்துக்குப் போன் போட்டார். அக்கா கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பாமல் நின்றார்.

"வர்றேன். இறுதி ஆட்டத்துக்கு நான் வர்றேன்னு எழுதிக்குங்க. …அப்புறம் இன்னொண்ணு. போன ஞாயிறு ஓரப் பந்து, நான் முதல்ல சொன்னதுதான் சரி. மாத்தினது தப்பு. அதையும் பதிவுல சேர்த்துடுங்க."

அந்தப் பக்கம் தங்கும் அறையைப் பற்றி ஏதோ கேட்டார்கள். நடுவர் மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்; ஓரத்தில் பட்டதா படவில்லையா என்று பார்க்கிற பார்வை.

"இல்ல. ரூம்ல ஒரு கட்டில் போதும். நான் மட்டும்தான்."

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினார். மூன்று படி இறங்கியதும் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதாக அக்காவுக்குத் தோன்றியது. காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு குனிந்தார்; வார் ஒழுங்காகத்தான் இருந்தது.

"திட்டவாவது செய்யுங்களேன்" என்று உள்ளே நடுவரம்மாவின் குரல் கேட்டது.

அக்கா காத்திருந்தார். மாடியில் பைப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்தது. உள்ளேயிருந்து பதில் வரவில்லை.