ரஞ்சன்குடிப் பாறையில் ஒரு முள் ஓணான்

“சார்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஓடிடப் போகுது!”

கோட்டைப் பாறையில் குப்புறப் படுத்திருந்த கீதாஞ்சலி சீறினாள். கல்யாண ஜோடியைப் படம் எடுக்க வந்திருந்த சுதர்சன் திகைத்து நின்றான். அப்பப்பா... திட்டும்போதும் சிரிக்கிற கண்கள்!

எதிர்க் கல்லில் சிவந்த தலையோடு ஓர் ஓணான். கல்லூரி ஆய்வுக்காக அவள் தேடி அலைந்த பாறை ஓணான் அதுதான் என்று நம்பினாள். மொத்த அறிக்கையும் அதை நம்பித்தான்.

“இது பாறை ஓணான் இல்லீங்க. வேலி ஓணான்... வெயில் காயத்தான் கல்லுக்கு வரும்.”

“போட்டோ எடுக்குறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

அவன் முகம் வாடிவிட்டது. ஜோடியைப் படம் எடுக்கத் திரும்பிப் போனான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான்... தூரத்திலேயே நின்றான். அவளாகப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை. திங்களன்று அறிக்கை கொடுத்தாக வேண்டும். சடசடவென்று மழை பிடித்தது. ஓணான் பாறை இடுக்கில் ஒளியும் என்று பார்த்தாள். அதுவோ ஒரே ஓட்டமாகக் கருவேல வேலிக்குள் புகுந்துகொண்டது!

நனைந்தபடி கோட்டை வாசலுக்கு ஓடினாள். அங்கே அவன்... இமையெல்லாம் மழைத்துளி. கேமராவை நீட்டினான். பெரிதாக்கிய படத்தில் ஓணானின் பிடரி நெடுக, சீப்புப் பல் மாதிரி முள்வரிசை. பாறை ஓணானுக்கு இவ்வளவு எடுப்பான முள் கிடையாது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நோட்டில் அடித்துத் திருத்தினாள். ‘வேலி ஓணான். இருப்பிடம்: கருவேலம் புதர்.’

“நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது... மன்னிச்சுடுங்க.”

“அட, விடுங்க. அறிக்கை என்னாகும்?”

“இன்னும் ஒரு மாசம் டைம் கேக்கணும். மறுபடி இங்கதான் அலையணும்.”

“ஒரு மாசமா!” அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அவள் முறைத்தாள். “ஆமா... உங்க ஜோடி எங்க? மழையில நனையறாங்களா?”

அவன் தலையைச் சொறிந்தான். “இன்னிக்கு ஷூட்டிங் இல்லீங்க... போன வாரமும் இல்ல. உங்களப் பாக்கத்தான் வந்தேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீதாஞ்சலி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கன்னம் சுட்டது.

“எங்க காலேஜ் மேடம் போன வாரமே வேற மலைக்குப் போய்ப் பாக்கச் சொன்னாங்க...”

“அப்புறம்?”

“நான்தான் போகல.”