ஐம்பது கிழிசல்கள்

முதலில் கத்தியைத்தான் காணவில்லை.

ரிச்மண்ட் நகரில் ஒரு சிகரெட் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில், பெட்டிக்கு ஒரு பட அட்டை செருகுவது லுவெல்லாவின் வேலை. ஐம்பது நாட்டு வீரர்கள், ஐம்பது ஆயுதங்கள். காலையில் தலைப்பாகைக்காரனின் ஓங்கிய கையில் வளைந்த கத்தி இருந்தது. இப்போது விரல்கள் வெறுமையை இறுகப் பிடித்திருந்தன.

அச்சுப் பிழை என்று ஒதுக்கி வைத்தாள். அடுத்தவனிடம் ஈட்டி இல்லை.

மழை இருட்டில் நான்கு மணிக்கே விளக்கேற்றிவிட்டார்கள். புகையிலையின் இனித்த காரத்துக்கு அடியில், சாணை பிடித்த இரும்பின் வாசனை வந்தது. பெண்கள் பெட்டி மடிக்கும் சரசரப்புக்குள் யாரோ நிதானமாக எதையோ தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அட்டைகளைப் பரப்பினாள். அத்தனை பேரின் கண்களும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அங்கே ஒரு முக்காலியில் அவள் தங்கை மின்னி உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

போன குளிர்காலத்தில் அந்த முக்காலி ஹேட்டி என்ற பெண்ணுடையது. அவள் காணாமல் போன அன்றும் இதே வீரர் அட்டை வரிசைதான். மாலையில் முக்காலியின் மேல் அவளுடைய மேலங்கி மட்டும் கிடந்தது. அதில் ஐம்பது கிழிசல்கள். எலி கடித்தது என்றாள் மேற்பார்வைக்காரி கிரென்ஷா.

லுவெல்லா கிரென்ஷாவைக் கூப்பிட்டு, மின்னியை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

"ஏன், படத்துல இருக்கறவன் கண்ணடிச்சானாடி? மணி அடிக்கிற வரைக்கும் அந்த முக்காலி காலியா இருக்கக் கூடாது."

"இருக்காது மேடம்."

லுவெல்லா தங்கையின் தோளைப் பிடித்து எழுப்பினாள். "ஓடு. திரும்பிப் பாக்காதே."

"நீ வரலையாக்கா?"

"இன்னும் அட்டை இருக்கு பாரு."

மின்னியின் காலடிகள் படிகளில் இறங்கித் தேய்ந்தன. லுவெல்லா அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கிரென்ஷா வாயைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். பின்வாங்கினாள்.

சரசரப்பு நின்றது. தீட்டும் ஒலியும் நின்றது.

மேசையில் அட்டைகள். எல்லாம் வெள்ளை. ஒருவனும் இல்லை.

சுவரில் அவள் நிழல். அதைச் சுற்றி ஐம்பது நிழல்கள். ஆயுதங்களை ஓங்கியபடி.

லுவெல்லா எழவில்லை.

"முதல்ல யாரு வரீங்க?" என்றாள்.

அவள் மேலங்கியின் தோளில் முதல் கிழிசல் மெல்லத் திறந்தது. லுவெல்லா அடுத்த பெட்டியை எடுத்து மடித்தாள்.