திரைக்குக் கீழே ஒரு வரி

மிளகு என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வயது பத்து. ஆள் பொடிசு. ஆனால் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். திரும்பாதவர் ஒருவர் மட்டும்தான். அவர் அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி.

மாமா லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் வந்த கடும் காய்ச்சலில் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லோரும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார்கள். மாமா வாயால் பதில் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை, அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் பழைய பென் டிரைவ் ஒன்று அகப்பட்டது.

"அடி மிளகு! நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு எடுத்த வீடியோ!"

அப்பா அதை டிவிக்குக் கீழே இருந்த ஸ்ட்ரீமிங் பெட்டியில் செருகினார். பெட்டி கையை விரித்துவிட்டது. 'இந்தக் கோப்பை இயக்க முடியாது' என்று திரையில் வந்தது.

"போச்சு!" என்றார் அப்பா.

"போகலப்பா. பெட்டியோட வந்த பிளேயருக்குத்தான் இது தெரியல. எங்க கம்ப்யூட்டர் மிஸ் வீட்ல மீடியா சென்டர்னு தனியா ஒரு மென்பொருள் போட்டிருக்காங்க. இலவசம்தான். எந்த வீடியோவையும் ஓட்டுமாம்."

"கண்டதையும் போட்டு, பெட்டி படுத்துக்கிச்சுன்னா?"

"கண்ட இடத்துலேர்ந்து எடுக்க மாட்டேன். அதைச் செஞ்சவங்களோட தளத்துலேர்ந்துதான் எடுக்கணும்னு மிஸ் சொன்னாங்க. நீங்க பக்கத்துலயே உட்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். வெளி மென்பொருளுக்கு அனுமதி கொடுத்து அதை நிறுவினார்கள். முடிந்ததும் மிளகு அந்த அனுமதியை மறக்காமல் மூடினாள்.

வீடியோ ஓடியது! கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பாவும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா திரையைப் பார்ப்பதா, இவர்கள் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மிளகு நோட்டை எடுத்து வேகவேகமாக எழுதினாள். ஒரு வரி எழுதுவதற்குள் நாலு பேர் பேசி முடித்திருந்தார்கள்.

"விடும்மா. நீ பாரு" என்று மாமா நோட்டை மெல்ல மூடினார். வேலைச் சட்டையைத் தேய்க்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார்.

மிளகுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரிமோட்டை எடுத்து அந்த மென்பொருளில் இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். 'வசன வரிகள்' என்று ஒன்று இருந்தது.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் ஓடினாள்.

"வீடியோ பக்கத்துல அதே பேர்ல ஒரு எழுத்துக் கோப்பு வை" என்றார் மிஸ். "எந்த நொடியில எந்த வரி வரணும்னு எழுதினா, அது தானா வரும்."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆறு நிமிட வீடியோவுக்கு முழுதாக ஒரு வாரம் பிடித்தது. யார் குரல் எது என்று அம்மா கண்டுபிடித்துச் சொன்னாள். மிளகு எதையும் விடவில்லை. '(அப்பா தும்முகிறார்)' என்றுகூட எழுதினாள். ஒரே ஒரு இடத்தில்தான் தோற்றுப்போனாள். இருபது தடவை கேட்டும் அது புரியவில்லை.

ஞாயிறு மதியம் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

முதல் வரியே சொதப்பியது. எழுத்துகள் மூன்று நொடி தாமதமாக வந்தன. வீடியோவில் அம்மா ஏதோ சொல்லி முடிக்க, காட்சி பக்கத்து வீட்டு நாய்க்கு மாறியது. அது வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கீழே வந்தது: 'ஐயோ, பாலை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேனே!'

அடுத்து, கைக்குழந்தை மிளகு வீறிட்டாள். 'என் செருப்பை எவன்டா போட்டுட்டுப் போனது?'

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீரே வந்துவிட்டது.

"இருங்க, இருங்க!" மிளகு முகம் சிவக்க, வரிகளை மூன்று நொடி முன்னால் நகர்த்தினாள். அதற்கும் அந்த மென்பொருளில் வழி இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

இப்போது சரியாக வந்தது. மாமா ஒரு வரி விடாமல் படித்தார். வீடியோவில் அவரே குழந்தையைத் தூக்கி, அதன் காதருகே குனிந்தார். கீழே இப்படி வந்தது: '(மாமா ஏதோ சொல்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை.)'

"நிறுத்து!" என்றார் மாமா. "உங்க மூணு பேருக்கும் கேட்கலையா?"

மூவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"எனக்குத் தெரியுமே!"

அப்பாவின் கணினியை மடியில் வாங்கி, பென் டிரைவை அதில் செருகி, யாரும் பார்க்காதபடி திருப்பிக்கொண்டு இரண்டே விரலால் தட்டினார். மிளகு பென் டிரைவைப் பெட்டிக்கு மாற்றி மீண்டும் ஓட்டினாள். மாமா குனிந்தார். வரி வந்தது: 'உங்கம்மா திட்டினா நேரா என்கிட்ட ஓடி வந்துடு. மாமா பார்த்துக்கிறேன்.'

"பொறந்து மூணாம் நாளே செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கான் பாரு!" என்று அம்மா இடுப்பில் கைவைத்தாள்.

மிளகு அதை எழுதிக்காட்ட நோட்டை எடுத்தாள்.

"எழுத வேணாம்" என்றார் மாமா. "அக்கா மூஞ்சியிலயே பெரிய எழுத்துல இருக்கு."

மிளகு சத்தம் போடாமல் நகர்ந்து போய் மாமாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.