ரெண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி

எங்கள் வீட்டில் ஒரு விசில் அடித்தால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு விசில் அடித்தால்தான் அசையலாம்.

சிரிக்காதீர்கள். எங்கள் அம்மா பஸ் கண்டக்டர். அம்மா ஒரு விசில் கொடுத்தால் டிரைவர் வண்டியை நிறுத்துவார். இரண்டு விசில் கேட்டால்தான் எடுப்பார். அந்தச் சட்டத்தை அம்மா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நானும் அண்ணனும் தலையணையால் அடித்துக்கொள்ளும்போது "பீப்!" என்று கேட்டால் போதும், ஓங்கிய தலையணையோடு அப்படியே நிற்போம். அப்பாவுக்கும் தப்பிக்க வழியில்லை. ஒருநாள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றார் பாவம்.

என் பெயரா? கீச்சு. என் குரல் கொஞ்சம் மெல்லிசு என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். ஊரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அண்ணனுக்குப் பஸ் என்றால் உயிர். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சார் ஒரு போட்டி வைத்தார். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்ட வேண்டும். மொத்தம் முப்பது நிறுத்தம். எதிலும் இடிக்கக் கூடாது, எந்த நிறுத்தத்தையும் விடக் கூடாது. ஜெயிப்பவருக்குப் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்!

அந்த சீட்டுக்காக அண்ணன் என்ன வேண்டுமானாலும் செய்வான். பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அம்மா வேலை முடிந்து வரும்வரை எழுந்திருக்கவே மாட்டான்.

ஆனால் ஒரு சிக்கல். இருபதாவது நிறுத்தம் வந்தால் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பான். கண் சிவந்துவிடும். தண்ணீர் கொட்டும். இருபத்து மூன்றாவது நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே ஒரு பால் கடை. தினமும் நேராகப் போய் அதில்தான் இடிப்பான்.

"கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு, கீச்சு."

"அம்மாகிட்ட சொல்லிடலாம்ண்ணா."

"சொன்னே, அவ்வளவுதான்! கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவாங்க. போட்டியும் போச்சு, சீட்டும் போச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். சொன்னால் அண்ணனுக்கு சீட் போகும். சொல்லாவிட்டால் கண் என்ன ஆவது?

மறுநாள் நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவன் கண்ணைச் சிமிட்டவே இல்லை! கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் மூன்றே மூன்று தடவை. சாப்பிடும்போது மறுபடி எண்ணினேன். பதினாறு தடவை!

"என்னடி என் மூஞ்சியையே பாத்துட்டிருக்க?"

"அண்ணா, நீ கண்ணைச் சிமிட்டவே மாட்டேங்கற. அதான் எரியுது. விளையாடும்போது கொஞ்சம் சிமிட்டேன்."

"போடி! சிமிட்டினா வண்டி இடிச்சுடும்."

"சிமிட்டாமலே தினம் இடிக்கிறியே!"

அண்ணன் முறைத்தான். முறைக்கும்போதும் சிமிட்டவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் கதவு திறக்கும். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். குடைக்காரர் ஒருவர் ஆடி அசைந்து கடைசியாக ஏறுவார். அதற்கு இருபது விநாடி ஆகும். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வண்டி நகராது. ஆனாலும் அண்ணன் அந்தக் குடைக்காரரை விழுங்கிவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆணியில் அம்மாவின் பழைய விசில் தொங்கியது. எடுத்துக்கொண்டு அண்ணன் பின்னால் போய் நின்றேன். நிறுத்தம் நெருங்கியது.

"பீப்!"

அண்ணன் துள்ளி விழுந்தான். கை எங்கேயோ பட்டு, பஸ் நேராகப் பூங்காவுக்குள் போய் நீரூற்றில் குளித்தது.

"அறிவிருக்கா உனக்கு?"

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்ண்ணா. இனிமே கதவு திறந்த பிறகுதான் அடிப்பேன்."

"நீ அடிக்கவே வேணாம்!"

ஆனால் விசில் என் கையில் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்தது. "பீப்!"

பழக்கதோஷம்! அண்ணன் கை தானாக நின்றது.

"திரும்பி ஜன்னலைப் பாரு. தூரத்துல தண்ணித் தொட்டி தெரியுதா? அது மேல எத்தனை காக்கா?"

"ஆள் ஏறிட்டிருக்காங்கடி!"

"ஏறட்டும். நீ முறைச்சா மட்டும் குடைக்காரர் ஓடி வந்து ஏறிடுவாரா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"நாலு காக்கா," என்றான்.

"நல்லா சிமிட்டு. இன்னும் ஒரு தடவை. ம், போலாம் ரைட்!" இரண்டு விசில் கொடுத்தேன். அவன் திரும்பவும், குடைக்காரர் ஏறவும், கதவு மூடவும் சரியாக இருந்தது. ஒரு விநாடிகூட வீணாகவில்லை.

மூன்றாம் நாள் பஸ் இருபத்து இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டியது. அண்ணன் கண்ணைக் கசக்கவில்லை. வளைவில் அழகாகத் திருப்பினான்.

"பால் கடை தப்பிச்சுது!" என்று இரண்டு பேரும் கத்தினோம்.

"என் பழைய விசிலை யாரு எடுத்தது?"

வாசலில் அம்மா! தோளில் டிக்கெட் பை. சத்தியம் செய்திருக்கிறேனே! அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பாரம் இறங்கி நான் பெரிதாக மூச்சு விட்டேன்.

அம்மா கம்ப்யூட்டரைப் பரணில் போடவில்லை. அவன் முகவாயைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணு எரியுதுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்னடா பயம்?" என்றார். அதட்டல் இல்லை, ஆனாலும் அண்ணன் தலை தானாகக் குனிந்தது.

மறுநாள் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போனோம். "கண் நல்லாத்தான் இருக்கு. சிமிட்டாம உட்கார்ந்து காய்ஞ்சு போயிருக்கு," என்றார் டாக்டர். காக்கா எண்ணிய கதையைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். "நான் சொல்ல வேண்டியதை நீயே சொல்லிட்டே. எனக்கு இங்க என்ன வேலை?"

அன்று முதல் அரைமணி நேரம் ஓட்டினால் வண்டி டெப்போவுக்குப் போய்விட வேண்டும், டிரைவர் தெருவுக்கு விளையாடப் போக வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டார். திரையில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று அடித்ததால் அப்பா மேசையைத் திருப்பிப் போட்டார். பாதி தூக்கும்போது அம்மா விளையாட்டாக ஒரு விசில் அடிக்க, மேசையைத் தூக்கியபடியே நின்றார்.

போட்டி நாள் வந்தது. விசிலோடு போன என்னை கம்ப்யூட்டர் சார் வாசலிலேயே மறித்தார்.

"விசில் அடிச்சே, வெளியே அனுப்பிடுவேன்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விசில் இல்லாமல் அண்ணனுக்கு ஞாபகம் வருமா?

முதல் நிறுத்தத்தில் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதிலும் அப்படியே. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அறையின் கடைசிச் சுவரோரம் போய் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். மூன்றாவது நிறுத்தத்தில் கதவு திறந்தது. அண்ணன் என்னைத் தேடி நிமிர்ந்தான். பக்கத்தில் இல்லை. அங்கே பார்த்து, இங்கே பார்த்து, கடைசியில் தூரத்தில் கண்டுபிடித்தான். நான் இரண்டு கண்ணையும் இறுக்க மூடி மூடித் திறந்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிமிட்டினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் என்னைப் பார்த்தான். நான்தான் அன்றைக்குத் தண்ணித் தொட்டி!

இருபது தாண்டியதும் மற்றவர்கள் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் பால் கடையில் இடித்தான். ஒருத்தி ஆற்றில் இறங்கினாள். அண்ணன் மட்டும் பொறுமையாக வளைவைத் திருப்பி, முப்பதாவது நிறுத்தத்தில் போய் நின்றான்.

சுற்றுலா அன்று காலை. முன் சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம். "நான், நான்!" என்று அண்ணனின் நண்பர்கள் முட்டி மோதினார்கள்.

"பக்கத்துல யாருப்பா?" என்றார் சார்.

"கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது சார்," என்றான் அண்ணன். "கீச்சு, ஏறு!"

ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் சாவியைத் திருகிவிட்டு என்னைப் பார்த்தார். பையிலிருந்து விசிலை எடுத்தேன்.

"பீப், பீப்!"

வண்டி கிளம்பியது.