வெறுங்குழியில் பச்சை ஒளி

"செத்துப்போனவங்க திரும்பி வருவாங்களா சார்?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஷஹீரா கேட்ட கேள்வி இது. ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கணவனைச் சந்தேகிப்பவர்கள், இல்லாவிட்டால் காரைத் தொலைத்தவர்கள். துப்பறிவாளர் அர்ச்சுனன் எதைக் கேட்டாலும் முகம் மாறாதவர். அவருடைய கூட்டாளி ஷர்மினி அப்படியல்ல. பேய் என்றதும் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

"முதல்ல வேலையைச் சொல்லும்மா. பேயை அப்புறம் பார்க்கலாம்" என்றார் அர்ச்சுனன்.

ஷஹீரா ஸ்கூடாயில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர். "நம்ம உடம்பைக் காக்குற புரதம் சில பேருக்கு சொந்த உடம்பையே எதிரின்னு நெனச்சுத் தாக்கும் சார். அந்தப் புரதத்துமேல ஒட்டி அதை அடக்குற பெப்டைடைத் தேடுறோம். பெப்டைட்னா ரொம்பச் சின்னப் புரதத் துண்டு. ஒரு தட்டுல தொண்ணூத்தாறு குழி. குழிக்கு ஒரு பெப்டைட். எது ஒட்டுதோ அது மெஷின்ல பச்சையா ஒளிரும். கமலாட்சி அக்கா பத்து வருஷமா இதைத்தான் செஞ்சாங்க. அவங்களுக்கே அந்த நோய்தான். ஏப்ரல்ல போயிட்டாங்க."

அவள் குரல் தாழ்ந்தது. "முதல் குழியை மட்டும் வெறுமையா விடுவோம். அது இருட்டா இருந்தாத்தான் மத்த குழியை நம்பலாம். அக்கா போனதுலேருந்து அந்த வெறுங்குழி ஒளிருது."

"எல்லாத் தட்டுலயுமா?"

"இல்ல சார். ஒண்ணாவது தட்டு, பதினொண்ணு, இருபத்தொண்ணு, முப்பத்தொண்ணு. தண்ணி மாத்திப் பார்த்தேன். குழியைப் பத்துத் தடவ கழுவினேன். காய வச்சும் பார்த்தேன். ஒரு நாள் தட்டைத் தெரியாம திருப்பி வச்சிட்டேன், அன்னிக்குக் கடைசிக் குழி ஒளிருதுன்னு மெஷின் காட்டுச்சு."

"அலமாக்!" என்று திகைத்தாள் ஷர்மினி.

"தலைவர் டாக்டர் ஜஹாங்கீர், நான்தான் எதையோ கலக்குறேன்னு சொல்றார். திங்கக்கிழமை விசாரணை. என் வேலை போயிடும். அது கூடப் பரவால்ல. அக்கா செஞ்ச அம்பத்தெட்டாம் நம்பர் பெப்டைட் நல்லா ஒட்டுது சார். ஒரு தட்டு பொய்ன்னு ஆச்சுன்னா அதையும் குப்பையில போட்டுருவாங்க. சாகுறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் அவங்க செஞ்ச வேலை அது."

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் இருவரும் ஸ்கூடாய் போனார்கள். வானம் இருட்டிக்கொண்டு மழை ஊற்றியது. ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டிகளின் முனகலைத் தவிர வேறு சத்தமில்லை. கமலாட்சியின் வெள்ளை அங்கி இன்னும் ஆணியில் தொங்கியது. மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. அவர் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லையாம். குளிர்பெட்டியைத் திறந்தால் டப்பாவுக்கு டப்பா அவர் கையெழுத்துதான். ஷர்மினிக்கு முதுகு சில்லிட்டது, ஆனால் பழியை ஏசியின்மேல் போட்டுவிட்டாள்.

பொருள்களைப் பிரித்து அடுக்கும் உமாதேவி, புது அங்கிப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து, மேல் அங்கியின் காலரை விரலால் தொட்டுவிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். கமலாட்சியோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர்.

"புதுசுன்னாங்க, காலர்ல கறை இருக்குலா" என்று ஷர்மினி முணுமுணுத்தாள். மேலே இருந்த அங்கி அவளுக்கு வந்திருந்தது. அர்ச்சுனன் தன் காலரைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

பிறகு அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "ஒரு பொட்டலத்துல எத்தனை தட்டு?"

"பத்து" என்றாள் ஷஹீரா.

"மெஷின் தட்டை மேலேருந்து பார்க்குதா, கீழேருந்தா?"

"கீழேருந்து சார். அதுக்குத்தான் குழியோட அடி மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"டாக்டரையும் உமாக்காவையும் கூப்பிடும்மா. இங்க நீல விளக்கு இருந்தா அதையும் எடுத்து வை."

ஜன்னலில்லாத சின்ன அறையில் ஐந்து பேரும் நின்றார்கள். "என்ன மிஸ்டர் அர்ச்சுனன், பேயைப் புடிச்சாச்சா?" என்றார் ஜஹாங்கீர். குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை. பத்து வருஷக் கூட்டாளியை இழந்த மனிதர் அவர்.

"மெஷின்ல கோளாறு இருந்தா, தட்டைத் திருப்பினாலும் அதே இடம்தான் ஒளிரணும். இங்க ஒளி தட்டோட சேர்ந்து திரும்பியிருக்கு. அப்போ அது தட்டுலதான் இருக்கு. குழிக்குள்ள இருந்தா கழுவினதுல போயிருக்கணும், போகல. அப்போ அது வெளிப்பக்கம், அடியில. ஷஹீரா கலந்திருந்தா குழிக்குள்ளதான் கலந்திருப்பாங்க. இன்னொண்ணு, பத்துத் தட்டுக்கு ஒரு தட்டுதான் ஒளிருது. ஒவ்வொரு பொட்டலத்துலயும் முதல் தட்டு. பொட்டலத்தைப் பிரிக்கிறவங்க கை அதுல பட்டிருக்கு."

அவர் விளக்கை அணைத்து நீல ஒளியைப் போட்டார். ஷர்மினியின் கழுத்தோரம், காலரில், ஒரு சின்னப் புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது. ஷஹீரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மஞ்சள்" என்றார் அர்ச்சுனன். "நீல ஒளியில பச்சையா ஒளிரும். புதுச்சட்டைன்னா காலர்ல மஞ்சள் வைக்காம உடுத்தாத வீடு நம்மள்ல எத்தனையோ. இந்தப் பொட்டலத்துலயும் முதல் அங்கிக்குத்தான் பொட்டு."

உமாதேவி மறுக்கவில்லை. "கமலாக்காதான் பழக்கினாங்க. புதுசா எது வந்தாலும் பொட்டு வைப்போம். அவங்க அட்டைப்பெட்டி மேலதான் வைப்பாங்க. அவங்க போனப்புறம் நான் யோசிச்சேன், பெட்டி குப்பைக்குப் போவுது, தட்டுதானே வேலை செய்யுது, அதுக்கே வைப்போம்னு. ஒரு துளிதான், அடியில ஓரத்துல."

"ஒளிர்றது தெரிஞ்சதும் ஏன்க்கா சொல்லல?" ஷஹீரா உமாதேவி பக்கம் திரும்பினாள். "என் வேலையே போகப் பார்த்துச்சே!"

"நான் பொட்டு வச்ச தட்டுல மட்டும் அக்கா வந்தாங்கம்மா." உமாதேவி தலை நிமிரவில்லை. "கூப்பிட்டா வர்றாங்கன்னு நெனச்சேன். மஞ்சள் ஒளிரும்னு எனக்கு யார் சொன்னா? மெஷினைத்தான் திட்டுவாங்க, உன்மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கல."

ஜஹாங்கீர் மிச்சமிருந்த முப்பத்தொன்றாம் தட்டை எடுத்தார். அதன் அடியைச் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தானே துடைத்து மெஷினில் வைத்தார். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. முதல் குழி இருண்டிருந்தது. ஐம்பத்தெட்டாம் குழி பளிச்சென்று பச்சையாக நின்றது.

"மன்னிச்சிடும்மா ஷஹீரா. திங்கக்கிழமை விசாரணை இல்ல. அம்பத்தெட்டை நீயே தொடர்ந்து செய்" என்றார் அவர்.

எல்லோருக்கும் வேண்டியது அந்த இருட்டுதான். ஆனாலும் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. உமாதேவி அந்தக் கறுத்த கட்டத்தை விரலால் தொட்டார்.

"இப்பத்தான் அக்கா போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.

ஷஹீராவுக்கும் அழுகை வந்தது, கோபமும் மிச்சமிருந்தது. ஆனாலும் அலமாரியிலிருந்து பிரிக்காத புதுப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து உமாதேவியின் முன்னால் வைத்தாள்.

"பெட்டிமேல வைங்கக்கா" என்றாள். "அவங்க வச்ச இடத்துலயே."