மீன்கள் வாசித்த சாசனம்

ஐப்பசி மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. மேல்திசையில் செவ்வானம் கரைந்துகொண்டிருக்க, கீழ்த்திசையில் முழுநிலவு பனந்தோப்புக்குள்ளிருந்து மெல்ல எழ, இரண்டின் நிறத்தையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு பொன்னும் வெள்ளியுமாய்த் தளும்பிக் கிடந்தது கொன்றைநல்லூர்ப் பேரேரி. இந்த எழிலை இன்னும் இரண்டு பக்கம் வருணிக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ஏரிக்கரை நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அரித்துப் போயிருக்கும்போது நான் ஆம்பலைப் பாடிக்கொண்டிருந்தால், அன்புள்ள வாசகர்கள் என்னையே அந்த உடைப்பில் திணித்து அடைத்துவிடுவார்கள். என் பருமனுக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

அந்தக் கரைமேல்தான் ஊர்ச்சபை கூடியிருந்தது. நடுவில், கைகள் பிணிக்கப்பட்டு நின்றார் ஏரி வாரியத் தலைவர் மாதேவனார். கரையை உயர்த்த மன்னர் அளித்த பொன்னை விழுங்கிவிட்டார் என்பது அவர்மேல் குற்றம். நிலவு பனைகளைத் தாண்டியதும் அவரைக் கிராமத் துரோகி என்று அறிவித்துக் குடும்பத்தோடு ஊரைவிட்டு விரட்டுவதாக நாட்டதிகாரி காரி விழுப்பரையர் முழங்கியிருந்தார்.

கரைக்குக் கீழே, படித்துறையில், மாதேவனாரின் மகள் பூதிநங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தச்சர் உளி வைக்குமுன் கல்லில் செங்காவியால் எழுத்து வரைந்து கொடுப்பது அவள் தொழில். சந்தன வணிகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வாலிபன் ஒருவன் அவளை அணுகி, வெகு பணிவாகக் கேட்டான்:

"அம்மணி, மன்னர் வழங்கும் மானியம் ஒவ்வொன்றையும், பெற்றவர் பெயரோடு கல்லில் வெட்டவேண்டும் என்பது ஆணையாயிற்றே! இவ்வூர்க் கோயில் சுவர் முழுதும் தேடிவிட்டேன். ஒரு மானியமும் அகப்படவில்லையே?"

"வேறு என்ன அகப்பட்டது?"

"அரை விளக்குக்கு நெய் கொடுத்த ஒருவர் தம் பூட்டன் பெயர்வரை ஏழு வரி வெட்டி வைத்திருக்கிறார்."

"கொடுத்தவர் பெயர் வாசலில் நிற்கும் ஐயா. வாங்கினவர் பெயர்தான் ஒளிந்துகொள்ளும். நீர் தேடும் கல் அதோ!"

அவள் விரல் ஏரியைக் காட்டியது. நீர்ப்பரப்புக்கு மேலே மதகுத் தூணின் உச்சி மட்டும் தெரிந்தது. அதில் ஒரு நீர்க்காக்கை சிறகுலர்த்திக்கொண்டிருந்தது.

"நீருக்குள்ளா?"

"பட்டறையில் கிடந்தபோது நான் எழுதிய கல் அது. கோயில் வாசலில் நிற்கும் என்றார்கள். கோடையில், எழுத்தின்மேல் வைக்கோற்புரியைச் சுற்றி இங்கே நட்டார்கள். மழை வந்து மூடியது. பொன்னைப் பெற்றவர் விழுப்பரையர் என்று நான் சொன்னால், தகப்பனுக்காக மகள் புளுகுகிறாள் என்கிறது சபை. வெட்டிய தச்சரோ ஈழத்துக்கு அனுப்பப்பட்டார். அதிகாரியிடமே போய்க் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? 'கல்லில் வெட்டுக என்பது ஆணை. வெட்டினேன். எங்கே நடவேண்டும் என்று ஓலையில் இல்லையே! மீன்கள் வாசிக்கட்டும்' என்றார். மடைக்குள் கல்லை நட்ட அவர் கெட்டிக்காரர். அந்த ஓலையை எழுதினானே ஒருவன், அவனல்லவா மடையன்!"

வாலிபனின் முகம் சிவந்தது. அது செவ்வானத்தின் சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம். பாவம், அவன் மானத்தையும் யாராவது காக்கவேண்டுமல்லவா?

மறுகணம் இடைக்கச்சையிலிருந்து குறுவாளை உருவிப் பல்லிடுக்கில் கவ்வியபடி அவன் நீரில் பாய்ந்தான். நீர்க்காக்கை அலறிப் பறந்தது. தூணருகே முங்கினான். அறுபட்ட வைக்கோல் கற்றை கற்றையாய் மிதந்து வந்தது. சபையோர் கரையோரம் முண்டியடித்தனர். தலை மேலே வந்தது.

"ஸ்வஸ்திஸ்ரீ!" என்று கூவினான்.

"அது எல்லாக் கல்லுலயும் இருக்கும் தம்பி, மேல படி!" என்றது கூட்டம்.

மீண்டும் முங்கி எழுந்தவன், மன்னர் வென்ற ஒரு போரின் பெயரைச் சொன்னான். அடுத்த மூச்சுக்கு இன்னொரு போர். நிலவு பனந்தலைகளைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, பதினொரு வரிக்குப் போர்தான்! அதற்குக் கீழே போங்கள்!" என்று கத்தினாள் பூதிநங்கை.

கீழே போனான். விரலால் தடவித் தடவி வாசித்து வந்து, "எரி... எரி கட்ட!" என்று மூச்சிரைத்தான்.

"எரியா? எங்கய்யா தீ?" என்று பதறினார் ஒரு கிழவர்.

"தீ இல்லை மாமா, ஏரி! கல்லில் இரண்டுக்கும் ஒரே எழுத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் எழுதியவள்.

நான்காம் முறை முங்கியவன் வரவில்லை. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன. அதுவரை அவனை அதட்டிக்கொண்டிருந்தவள் முழங்கால் நீரில் இறங்கிவிட்டாள். அப்போது பாசி படிந்த தலையொன்று நீரைக் கிழித்து எழுந்தது.

"ஏரி கட்டக் காரி விழுப்பரையர்க்கு நாம் குடுத்த பொன் இருநூற்றுக் கழஞ்சு!"

கரை அதிர்ந்தது. விழுப்பரையர் மட்டும் நகைத்தார்.

"பலே! அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை வணிகன் நன்றாக ஒப்பிக்கிறான். மீன்களோடு சேர்ந்து நீருக்குள் எவனோ வாசித்தானாம், சபை நம்ப வேண்டுமாம்!"

நீர் சொட்டச் சொட்டக் கரையேறிய வாலிபன், தலைமுடிச்சிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து நிலவொளியில் காட்டினான். அதில் அரச முத்திரை மின்னியது.

"அதிகாரியாரே, 'ஆணைப்படி கல்லில் வெட்டினேன்' என்று அரண்மனைக்கு ஓலை விடுத்தீர். எந்தக் கல் என்று பார்த்துவர மன்னர் என்னை அனுப்பினார். நான் மன்னர் வாய்மொழியைத் திருமந்திர ஓலையாய் எழுதும் ஐயாறன் கூத்தன். அந்த ஆணையை எழுதியவன். அதாவது, சற்றுமுன் இந்த அம்மணி குறிப்பிட்ட மடையன்."

விழுப்பரையர் தம் குதிரையை நோக்கி ஓடினார். ஆனால் தீயைத் தேடிய அந்தக் கிழவரே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க சாமி அவசரம்? மீனு இன்னும் படிச்சு முடிக்கலையே!" என்றார். மாதேவனாரின் கைக்கட்டை அறுத்த குறுவாளில் வைக்கோல் ஒட்டியிருந்தது. மாதேவனார் பிணைப்பு விட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கூத்தன் அவர் மகளின் எதிரே வந்து தலைகுனிந்தான்.

"அம்மணி, நான் எழுதாமல் விட்ட ஒரு சொல் உம் தந்தையைத் துரோகியாக்கப் பார்த்தது. 'கண்டார் நின்று வாசிக்கும் இடத்தில்' என்ற சொல் இல்லாமல் இனி ஒரு மானிய ஓலையும் என் கையிலிருந்து புறப்படாது. இந்தக் கரை உயரும்வரை தலைநகர் திரும்பேன். மன்னர் முத்திரைமேல் சத்தியம்!"

பூதிநங்கை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். கருமேகம் ஒன்று நிலவை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சத்தியம் நன்றாகத்தான் இருக்கிறது. மண்கூடை அதோ கிடக்கிறது."

கூத்தன் ஓடிப்போய் வீராப்பாக இரண்டு கூடைகளை எடுத்தான். அவள் வந்து, அவற்றில் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.